கால் வலியும் மருந்து ஏற்றாத ஸ்கேனும்

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசும் நாம் இன்று காலைப் பற்றிப் பேசுகிறோம். கால் இல்லாவிட்டால் மலையும் இல்லை, பேரும் இல்லை.

மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. சில நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. மறுபடி ஏறினால் மறுபடி வருகிறது. "வயசாச்சு, குளிரு" என்று தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குப் போகிறோம். ஆனால், இது கால் இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பாக இருக்கலாம். லயத்துக் குழாயில் பாசி பிடித்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாது. அதுபோல் குழாயில் கொழுப்புப் படிந்தால் பாதத்துக்கு இரத்தம் போகாது. பீடி, சிகரெட், சீனி வியாதி, பிரஷர் இவையே முக்கிய காரணங்கள்.

சீனி வியாதி உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால் வலியே தெரியாமல் இருக்கலாம். அட்டைக் கடியோ, முள் குத்திய புண்ணோ வாரக்கணக்கில் ஆறாவிட்டால் அதுவே எச்சரிக்கை. கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து வலித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

முதல் பரிசோதனை எளிது. பாதத்தில் நாடி பார்ப்பார்கள். கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கணக்கு 0.9க்குக் குறைந்தால் அடைப்பு என்று சந்தேகிப்பார்கள். அடுத்தது டொப்ளர் ஸ்கேன். சத்திரசிகிச்சையோ பலூன் சிகிச்சையோ செய்வதானால் அடைப்பு எங்கே என்று படம் வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் மருந்து பழுதான சிறுநீரகத்தை மேலும் பாதிக்கலாம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் காடோலினியம் மருந்தால், சிறுநீரகம் மிகவும் செயலிழந்த சிலருக்குத் தோல் இறுகும் நோய் வந்தது 2006இல் தெரியவந்தது. இப்போதைய மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் மருந்தே ஏற்றாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் உண்டு.

அதில் ஓடும் இரத்தமே மருந்தின் வேலையைச் செய்கிறது. அசையாத தசையை இயந்திரம் இருட்டாக்கிவிடும். இதயத் துடிப்போடு புதிதாகப் பாய்ந்து வரும் இரத்தம் வெளிச்சமாகத் தெரியும். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சத்தம் பெரிதாக இருக்கும். கால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி கழற்ற வேண்டும். உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லா இயந்திரத்திலும் இந்த வசதி இருக்காது. யாருக்குத் தேவை என்பதை நிபுணரே முடிவு செய்வார்.

ஆகவே, சிறுநீரகம் பழுது என்பதற்காக ஸ்கேனே வேண்டாமென்று வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கொண்டுபோய், "மருந்து ஏற்றாமல் எடுக்க முடியுமா, ஐயா?" என்று கேளுங்கள். கேட்பது நமது உரிமை.

நிர்வாகத்திடம் நாமும் கேட்போம்: கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது, வைத்தியசாலைக்குப் போக வாகனம் வேண்டும், தோட்ட டிஸ்பென்சரியில் சீனி வியாதிக்காரரின் பாதத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

விரல் கறுத்த பிறகு போனால் வெட்டத்தான் சொல்வார்கள். வலிக்கும்போதே போவோம்.