பல் வைத்தியரும் குறட்டையும்



ஹௌராவில் சென்னை மெயில் ஏறிப் படுக்கை விரித்தவர்கள் யாவரும் இதைக் கேட்டிருப்பீர்கள். எதிர்ப் படுக்கையில் ஒரு பெரியவர் குறட்டை விடுகிறார், பெட்டியே அதிர்கிறது. திடீரென்று ஒலி நின்றுவிடுகிறது. அப்பாடா என்று நாம் கண்களை மூடுகிறோம். ஆனால் ஆபத்து இருப்பது அந்த மௌனத்தில்தான். அவருடைய மார்பு எழும்பித் தாழ்கிறது, காற்றோ உட்செல்லவில்லை. சில விநாடிகள் கழித்து ஒரு திணறலோடு மூச்சு மீள்கிறது. காலையில் கேட்டால், நன்றாகத் தூங்கினேன் என்பார். பகலெல்லாம் கொட்டாவி விடுவார்.

குறட்டையைச் சுக நித்திரையின் அடையாளமாகக் கொள்வது நம் வழக்கம். கும்பகர்ணனைச் சொல்லிச் சிரிப்போம். உண்மை வேறு. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து காற்றுப் பாதையை அடைக்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்படுவதையும் வெகுவாகக் குறைவதையும் வைத்தியர்கள் எண்ணுகிறார்கள். மணிக்கு 5 முறைக்குக் குறைந்தால் கவலையில்லை. 30-ஐ எட்டினால் நோய் கடுமையானது. ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயம் களைக்கிறது. வண்டி ஓட்டுபவராயின், சாலையில் செல்லும் மற்றவர்களுக்கும் இந்நோயால் அபாயமுண்டு.

இதற்கும் பல் வைத்தியருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். குறட்டைக்காக டாக்டரிடம் செல்வோர் சிலரே. பல்வலிக்கு எவரும் ஓடுவர். அங்கே நாற்காலியில் சாய்ந்து வாயை அகலத் திறக்கிறோம். உள்வாங்கிய கீழ்த்தாடை, குறுகி உயர்ந்த மேலண்ணம், ஓரங்களில் பல் தடம் பதிந்த பருத்த நாக்கு, இரவில் நறநறவென்று கடித்துத் தேய்ந்த பற்கள் ஆகிய யாவும் அவர் கண்ணெதிரே இருக்கின்றன. காணப் பயின்றவருக்கு அவை பேசும்; பயிலாதவர் சொத்தையை அடைத்து அனுப்பிவிடுவார்.

சிகிச்சையிலும் அவருக்குப் பங்குண்டு. 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் மூக்கின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் கருவியை வெளியிட்டார். கடும் நோய்க்கு இன்றும் அதுவே முதன்மையானது. அதைத் தாங்காதவர்களுக்கும், நோய் மிதமாக உள்ளவர்களுக்கும் பல் வைத்தியர் அச்செடுத்து, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இரு தகடுகள் செய்கிறார். அவை கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்த, அதனோடு பிணைந்த நாக்கும் முன்வந்து வழிவிடுகிறது. பற்கள் உறுதியாக இருத்தல் வேண்டும். பாக்கு மென்று மென்று வாய் திறவாமற் போனவர்களுக்கு இதைப் பொருத்துவதே பெரும்பாடு. வங்காளிகளும் நாமும் ஒற்றுமை காணும் விஷயங்களுள் பாக்கும் ஒன்றாயிற்றே!

இங்கேதான் பயிற்சி அவசியமாகிறது. தகடு செய்வது கைத்திறன்; அதை எவரும் கற்கலாம். தூக்கப் பரிசோதனையின்றித் தகட்டை மாட்டினால் குறட்டை அடங்கிவிடக்கூடும். மூச்சுத்தடை அடங்காமலும் இருக்கக்கூடும். வீட்டார் நிம்மதியடைவர், நோயோ ஓசையின்றித் தொடரும். ஆகவே நோயை நிர்ணயிப்பது மருத்துவர் பணி. சந்தேகித்து அனுப்புவதும், தகடு செய்து மாதந்தோறும் திருத்துவதும், தாடை மூட்டு வலிக்கிறதா, பற்கள் இடம் பெயர்கின்றனவா என்று பார்ப்பதும், மறுபரிசோதனைக்கு அனுப்புவதும் பல் வைத்தியர் பணி. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வகுத்த கொள்கையும் ஏறத்தாழ இதுவே. நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டுப் பி.டி.எஸ். பாடத்திட்ட விதிகளில் தூக்க மருத்துவம் தனிப் பாடமாக இடம்பெறவில்லை. அதைப் பெருங்குறை என்றே கருதுகிறேன்.

இந்தப் பேச்சைக் கல்கத்தாவில் பேசுவதற்குக் காரணமுண்டு. பல் பிடுங்குவதற்கும் படிப்பா என்று பலர் எண்ணிய காலத்தில், அமெரிக்காவின் அயோவாவில் 1915-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமத், 1920-இல் இந்நகரில் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பொருள் தேடச் சோடாக் கடை நடத்தினார் என்பது பலர் அறியாத செய்தி. முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா அங்கே பயின்றவர். 1949-இல் கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கு அளித்தார். ஆச்சார்ய ஜகதீஸ் சந்திர போஸ் சாலையில் அது அவர் பெயராலேயே விளங்குகிறது.

லேக் மார்க்கெட் பக்கத்து நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பல் வைத்தியரிடம் செல்லும்போது, இரவில் குறட்டை உண்டா, இடையில் மூச்சு நிற்கிறதா, பகலில் தூக்கம் வருகிறதா என்பதை அவர் கேளாவிடினும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் குறட்டையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆகையால், பக்கத்தில் உறங்குபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.