இளையோர் நிதி யார் கையில்?



உள்ளாட்சி மன்றங்களுக்கு இளையோர் மேம்பாட்டுக்காக அரசு தரும் நிதியைப் பற்றிப் பேசத் தஞ்சாவூரில் கூடியிருக்கிறோம். இந்தப் பொருளில் தஞ்சைக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. 1894இல் மாயவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தப் பாதை தஞ்சை ஜில்லா போர்டுக்குச் சொந்தம். உள்ளாட்சி மன்றமே ரயில் பாதை போட்டுக்கொண்ட மண் இது. ஆனால் நம் பொருளுக்கு ரயிலைவிட நெருக்கமானவை சத்திரங்கள். மராத்திய அரசர்கள் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடக் கட்டி, நன்செய் நிலங்களையும் எழுதிவைத்த சத்திரங்கள் பிற்காலத்தில் போர்டின் நிர்வாகத்துக்கு வந்தன. இரண்டாம் சரபோஜி எழுப்பிய ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள்.

1920களில் போர்டின் தலைவராக இருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம் அந்தச் சொத்துகளை எப்படிப் பயன்படுத்தினார் என்பது நம் ஆய்வாளர்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டிய வரலாறு. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் ஒரு சாதிப் பிள்ளைகளுக்கே இடம் தந்துவந்த மாணவர் விடுதிகளை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார். திருவையாற்றில் வடமொழி மட்டும் கற்பித்துவந்த அரசர் கல்லூரியில் தமிழுக்கும் இடம் வாங்கித் தந்தார். அந்த முயற்சியில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் அவருக்குத் துணை நின்றார். பின்னாளில் தமிழாசிரியர்களாகவும் புலவர்களாகவும் வந்த எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பணத்தின் இயல்பு. சத்திர நிலங்களின் குத்தகை ஆண்டுதோறும் வந்தது. அதை எதற்குச் செலவிடுவது என்று இந்த மாவட்டத்தில் உட்கார்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். பணம் கட்டடத்தோடு நிற்காமல் சோறாக, புத்தகமாக, ஆசிரியர் சம்பளமாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் ஊராட்சிகளுக்கு வந்த இளையோர் நிதிகளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்க விரும்புகிறேன்.

2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் தமிழ்நாட்டின் 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் தலா 20 லட்சம் ரூபாய் கொண்டுவந்தது. அதில் ஊருக்கொரு நூலகமும் விளையாட்டுத் திடலும் கிடைத்தன. அதே காலத்தில், 2008இல், மத்திய அரசு ஊராட்சிகளில் விளையாட்டை வளர்க்க 'பைகா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2020ஐ ஒட்டி அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் கலைஞர் பெயரில் 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுக் கருவிகள், 86 கோடி ரூபாய் செலவில். இவை எல்லாமே நல்ல நோக்கத்தோடு வந்தவை. எந்த ஆட்சியையும் குறை சொல்வதற்காக இந்தப் பட்டியலை நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இவற்றில் மட்டைகளுக்கும் பந்துகளுக்கும் கம்பங்களுக்கும் கட்டடங்களுக்கும் அப்பால் போன திட்டம் என்று நான் குறிப்பாகச் சொல்வது பைகாவை.

பைகாவின் கணக்கைப் பாருங்கள். திடல் அமைக்க ஊராட்சிக்கு ஒரு முறை ஒரு லட்சம் ரூபாய். அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் கருவி வாங்க 10,000 ரூபாய், நடத்துகிற செலவுக்கு 12,000 ரூபாய். பிள்ளைகளைத் திரட்டி விளையாட வைக்க ஊரில் ஒருவரை 'கிரீடாஸ்ரீ' என்று நியமித்து, மாதம் 500 ரூபாய் மதிப்பூதியம். அந்த 500 ரூபாய் அன்றைக்கே சிறிய தொகைதான். ஆனாலும் ஓர் ஊராட்சியின் செலவுக் கணக்கில் 'இளையோருக்காக ஒரு மனிதர்' என்று ஏறிய தொகை அது. பத்தாண்டுகளில் நாட்டின் எல்லா ஊராட்சிகளையும் எட்டுவதாக இருந்த அந்தத் திட்டம் 2014இல் ராஜீவ் காந்தி கேல் அபியானாக மாறியது. பணம் ஊராட்சியை விட்டு ஒன்றியத் தலைமையிடத்துக்குப் போனது. ஒன்றியத்துக்கொரு விளையாட்டு வளாகம் என்று ஆனது. கிரீடாஸ்ரீ என்ற மனிதர் கணக்கிலிருந்து மறைந்தார். இளையோர் நிதியின் அண்மை வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் திருப்பம்.

மனிதர் இல்லாத நிதி என்ன ஆகும் என்பதற்கு ஒரு காட்சி. மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி அலுவலகம். இரும்பு பீரோவுக்கு மேலே சுருட்டிய கைப்பந்து வலை. அட்டைப்பெட்டியில் பிரிக்காத கிரிக்கெட் மட்டைகள். இருப்புப் பதிவேட்டில் எல்லாம் முறையாக ஏறியிருக்கிறது. பயன்பாட்டுச் சான்றும் ஒன்றியத்துக்குப் போய்விட்டது. ஏன் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை என்று செயலரைக் கேட்டேன். "கொடுத்துட்டு உடஞ்சு போச்சுன்னா, ஆடிட்டுல நான்தான் சார் பதில் சொல்லணும்" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதையே வேலையாக அவருக்குக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் விளையாடினார்களா என்று கேட்கும் படிவம் எதுவும் அவரிடம் வந்து சேரவில்லை.

காவிரிப் படுகைக்கே உரிய சில சிக்கல்களையும் சொல்ல வேண்டும். சென்னையில் வகுக்கும் விதிமுறை தருமபுரிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் ஒன்றுதான். தருமபுரியில் மேட்டு நிலம் கிடைக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய வரை நன்செய். அதிலும் பெரும்பகுதி கோயிலுக்கும் மடத்துக்கும் உரியது. புறம்போக்கில் எஞ்சியிருப்பது குளக்கரை, வாய்க்கால் ஓரம், சுடுகாட்டை ஒட்டிய துண்டு. களிமண் தரையில் மணல் அடித்து உயர்த்தாவிட்டால் ஐப்பசியில் தேங்கும் தண்ணீர் மார்கழி வரை வடியாது. அது வடிந்து காய்வதற்குள் சம்பா அறுவடை வந்துவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இடம் போதாமல் நெல்லைத் திடலில்தான் கொட்டுவார்கள். தார்ப்பாய் போர்த்திய குவியல்களுக்கு நடுவே எந்தப் பிள்ளை கபடி ஆடும்? விவசாயியையும் நாம் விரட்ட முடியாது. அவருக்கு வேறு களம் எங்கே இருக்கிறது? மணல் அடிக்கவும் தனியாக உலர்களம் போடவும் தொகை சேர்க்காத எந்த மதிப்பீடும் டெல்டாவுக்குப் பொருந்தாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். திடல் எந்தத் தெருவை ஒட்டி அமைகிறது என்பதே யார் அங்கே விளையாடலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. காலனிப் பிள்ளைகள் தயக்கம் இல்லாமல் வந்து இறங்கக்கூடிய இடமா என்று இடத்தேர்வின்போதே கேட்க வேண்டும்.

நல்ல பக்கமும் இருக்கிறது. வடுவூரில் கபடி தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. மூத்தவர்கள் மாலையில் களத்தில் இறங்கிச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2025 அக்டோபரில் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். இன்னொரு சான்று கடைமடையில் இருக்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தென்னந்தோப்புகளை அழித்துவிட்டுப் போன பிறகு, பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் 'கைஃபா' என்று அமைப்பாகத் திரண்டார்கள். 2019இல் ஊராரிடம் நன்கொடை திரட்டி, 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். அரசு செய்திருக்க வேண்டிய வேலை அது. இவ்வளவு பொறுப்பைச் சுமந்த இளைஞர்களை நம் திட்ட ஆவணங்கள் இன்னமும் 'பயனாளிகள்' என்றே குறிக்கின்றன.

சட்டத்திலும் ஒரு வெற்றிடம் உண்டு. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 11ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்குரிய 29 இனங்களைச் சொல்கிறது. வேளாண்மை, நூலகம், பண்பாட்டு நிகழ்ச்சிகள், பெண்கள் குழந்தைகள் நலன் எல்லாம் அதில் உண்டு. இளையோர் நலன் இல்லை, விளையாட்டும் இல்லை. ஊராட்சி வளர்ச்சித் திட்டங்களுக்கு அண்மையில் வகுத்த ஒன்பது கருப்பொருள்களில் குழந்தை நேய ஊராட்சியும் மகளிர் நேய ஊராட்சியும் இருக்கின்றன. இளையோருக்கு அங்கும் தனி இடம் இல்லை. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் அறுபது விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டிருந்தது. மீதியில் தெருவிளக்கும் சாலையும் போக இளையோருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? மன்றத்துக்குப் போட்டியிட 21 வயது வேண்டும்; கிராம சபையில் கையுயர்த்த 18 வயது வேண்டும். பதினைந்து வயதுப் பெண் தன் ஊர் நூலகம் மாலை ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று எங்கே போய்ச் சொல்வாள்?

நம்மைப் போலவே நெல் விளைவிக்கும் பிலிப்பைன்ஸ் இதற்கு ஒரு வழி கண்டது. 1991இல் இயற்றிய உள்ளாட்சிச் சட்டத்தின்படி அங்கே ஒவ்வொரு ஊர் மன்றமும் தன் பொது நிதியில் பத்து விழுக்காட்டை 'சங்குனியாங் கபாத்தான்' என்னும் இளையோர் மன்றத்துக்கு ஒதுக்கியாக வேண்டும். அதிலும் கோளாறு வந்தது. ஊர்த் தலைவர்களின் பிள்ளைகளே பதவிகளைப் பிடித்தார்கள். அதற்காக அந்த நாடு ஏற்பாட்டைக் கலைத்துவிடவில்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர்கள் போட்டியிடத் தடை விதித்தது. 15 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் வாக்களிக்கிறார்கள். 18 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் பொறுப்புக்கு வருகிறார்கள். அதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. பத்து விழுக்காடு நம் ஊராட்சிகளுக்குப் பெரிய சுமை. ஆனால் ஒதுக்கீடு கட்டாயம், முடிவு இளையோருடையது என்ற இரண்டும் நமக்கும் வேண்டியவை.

மன்றமே இல்லாதபோது இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பதும் இங்கே பேசப்பட வேண்டும். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. அதனால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. டெல்டா மாவட்டங்களில் 2019இல் தேர்வான மன்றங்களின் காலம் 2025 சனவரி 5இல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பணம் நின்றால் குடிநீர்க் குழாயை எப்படியாவது ஓட்டுவார்கள். இளையோர் செலவுதான் முதலில் வெட்டுப்படும்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும், கருவியாகவோ கட்டடமாகவோ தராமல், ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு சிறு தொகை இளையோருக்கென்று தனிக் கணக்கில் வர வேண்டும். கிராம சபைக்கு முன்பாக 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் தனியாகக் கூடி, அதன் செலவைத் தீர்மானமாக எழுதித் தர வேண்டும். அதில் ஒரு பங்கு ஊரில் இருக்கும் ஒரு மனிதருக்கு, நூலகம் திறக்கவோ களத்தில் பயிற்சி தரவோ, மதிப்பூதியமாகப் போக வேண்டும். பெண்களின் தேவைக்கு ஒரு பங்கை விதியாகவே வைக்க வேண்டும். இல்லையேல் முழுத்தொகையும் கிரிக்கெட் பந்தயத்துக்கே போய்விடும்.

இன்று கட்டுரை படிக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கோர் ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அரசாணையில் தொடங்கி, மதிப்பீடு, நிர்வாக அனுமதி, செலவுச் சீட்டு, இருப்புப் பதிவேடு என்று ஒரே ஒரு நிதியைப் பின்தொடருங்கள். கடைசியில் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் போய், அது அவர்கள் கைக்கு வந்ததா என்று கேட்டு எழுதுங்கள். பைகா வந்துபோன ஊர்களில் அன்றைய கிரீடாஸ்ரீகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வையுங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்தும் அப்படிப்பட்ட ஆவணங்கள் சேர்ந்தால், அடுத்த நிதிக்குழுவின் முன் நாம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. அந்த வேலையை இன்றைய முதல் அமர்விலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.