ஏரி நிறைந்தால் போதுமா?



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவன் நான். ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, "ஏரி நிறைந்தால் நாடு செழிக்கும்" என்று தொடங்குமாறு பிள்ளைகளுக்குக் கற்பித்தவனும் நானே. பருவமழையை நம்பி வாழும் நமக்கு அது உண்மைதான். ஆனால், எல்லா ஏரிகளுக்கும் அது பொருந்துமா? ஓய்வு பெற்றபின் மணிப்பூருக்குச் சென்றபோதுதான் எனக்கு இந்த ஐயம் எழுந்தது.

இம்பால் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் மொய்ராங் என்னும் பழைய ஊர் இருக்கிறது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இந்திய தேசிய இராணுவம் தன் கொடியை ஏற்றியது இங்கேதான். மலேயாவிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பலர் என்பது நீங்கள் அறிந்ததே. இவ்வூரின் அருகே விரிந்து கிடக்கிறது லோக்தாக் என்னும் நன்னீர் ஏரி. ஓடைகள் வந்து முடியும் இடம் என்பது அப்பெயரின் பொருள்.

அவ்வூர் ஆசிரிய நண்பர் ஒருவர் துணைவர, முதிய மீனவர் ஒருவரின் படகில் ஏறினேன். நான் ஆசிரியன் என்று அறிந்ததும் அவர் என்னை "ஓஜா" என்று அழைத்தார். மணிப்புரி மொழியில் அது ஆசிரியரைக் குறிக்கும் சொல். ஏரியின்மேல் பச்சைத் திட்டுகள் பல மிதந்தன. நாணலும் புல்லும் மட்கிய வேரும் மண்ணும் பின்னிப் பிணைந்த மிதவைகள் அவை. பும்டி என்பது அவற்றின் பெயர். ஐந்தில் ஒரு பங்கே நீருக்கு மேலே தெரியும். எஞ்சிய நான்கு பங்கும் நீருக்குள் மறைந்திருக்கும்.

ஏரியின் தென்கிழக்கில் இம்மிதவைகள் ஒன்றுசேர்ந்து பெரும் புல்வெளியாகப் பரந்துள்ளன. 40 சதுர கிலோமீட்டர் அளவுள்ள கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்கா இதுவே. சங்காய் என்னும் மானுக்கு இயற்கை அளித்த கடைசி வீடும் இதுதான். 1951ஆம் ஆண்டில் இம்மான் அடியோடு அழிந்துவிட்டது என்றே கருதினர். 1953இல் மீண்டும் கண்டனர். 1975இல் வானூர்தியிலிருந்து எண்ணியபோது 14 மான்களே கிடைத்தன. 1977இல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 260ஆக உயர்ந்திருந்தது.

மொய்ராங் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். வீரன் ஒருவன் தன் காதலிக்குப் பரிசாக ஒரு சங்காயை உயிரோடு பிடித்து வந்தானாம். அதற்குள் அவளோ அரசனுக்கு மனைவியாகிவிட்டாள். மனம் வெதும்பிய அவன் அம்மானை இப்புல்வெளியில் விட்டுவிட்டானாம். மிதவையில் மெல்ல அடியெடுத்து வைக்கும் அம்மானை 'நடனமாடும் மான்' என்றும் அழைக்கிறார்கள். காலைப் பனியினூடே காவற்கோபுரத்தின் மேலிருந்து அதன் நடையை நான் கண்டேன். அப்பெயர் முற்றும் பொருந்தும்.

இனி, மீனவர் கற்பித்த பாடத்தைச் சொல்கிறேன். ஒரு மிதவையின் அருகே படகை நிறுத்தித் தம் கழியை அதனுள் ஊன்றினார். "என் இளமையில் கழி இவ்வளவு இறங்கிய பிறகுதான் அடியில் நீர் தட்டுப்படும்" என்று தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். "இப்பொழுது இவ்வளவுதான்" என்று முழங்காலைக் காட்டினார்.

காரணம் என்ன? முன்னெல்லாம் கோடையில் ஏரியின் நீர் வடியும். மிதவைகள் தரையில் அமரும். வேர்கள் சேற்றிலிருந்து உணவு கொள்ளும். மழைக்காலத்தில் அவை மீண்டும் மிதந்தெழும். 1983ஆம் ஆண்டில் நீர்மின் திட்டத்துக்காக இதாய் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. அன்றுமுதல் ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுதும் உயர்ந்தே நிற்கிறது. வேர்கள் தரையைத் தொட வழியில்லை. எனவே மிதவை மெலிகிறது. மெலிந்த மிதவை மானின் பாரத்தைத் தாங்காது. நிறைந்த ஏரியே அதன் புல்வெளியைப் பட்டினி போடுகிறது!

கரையோர வயல்கள் பல நீரில் மூழ்கின. ஆற்றின் வழியே ஏறிவந்த மீன் இனங்களுக்கும் வழி அடைபட்டது. 1990இல் உலகச் சிறப்புடைய ஈரநிலம் என்ற பெருமையைப் பெற்ற லோக்தாக், 1993இல் இயல்பு கெட்டுவரும் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏரியைச் சீர்செய்யும் முயற்சியில், மிதவைமேல் குடிசையிட்டு வாழ்ந்த மீனவர் பலர் 2011இல் தம் குடிசைகளை இழந்தனர்.

அதற்காக, மின்சாரம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. இப்பேச்சை உங்கள் செவியில் சேர்ப்பதும் மின்சாரமே. ஆனால், ஒரு நன்மையைக் கணக்கிடும்போது அதற்கு விலை கொடுப்பவர் யார் என்றும் கேட்கவேண்டும் அல்லவா? ஆண்டில் சில வாரங்களேனும் நீரை வடியவிட்டால், அதனால் குறையும் மின்சாரத்தோடு பிழைக்கும் புல்வெளியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாகாதா?

கரையேறியதும் முதியவர் கேட்டார்: "ஓஜா, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வீர்களா?"

சொல்லிவிட்டேன். நான் கற்பித்த அந்தப் பழைய வாக்கியத்தையும் இன்று திருத்திக்கொள்கிறேன். ஏரி நிறையவும் வேண்டும். தன் காலத்தில் வடியவும் வேண்டும். எந்த ஏரி எப்பொழுது வடியவேண்டும் என்பதை அதன் கரையில் வாழ்வோரிடம் கேட்டறிந்து எழுதுங்கள்.