துளை சிறிது, சத்திரசிகிச்சை பெரிது

 

‘கமரா போட்டுச் செய்யும் ஒப்பரேஷன்’ என்று நாம் சொல்லும் லப்பரஸ்கோப்பி பற்றிச் சில வார்த்தைகள்.

1910இல் சுவீடன் வைத்தியர் ஜகோபியஸ் குழாய் வழியே மனித வயிற்றுக்குள் பார்த்தார். 1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹே இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். 1990இல் மும்பையில் டாக்டர் உத்வாடியாவும் அதைச் செய்தார்.

காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, சிறு துளைகள் வழியே கமராவையும் கருவிகளையும் செலுத்துகிறோம். வலியும் காயத்தில் கிருமித்தொற்றும் குறைவு. விரைவில் வீடு திரும்பலாம்.

ஆனால் உள்ளே நடப்பது அதே பெரிய சத்திரசிகிச்சைதான். அரிதாகக் குடல், இரத்தக்குழாய், பித்தக்குழாய் காயப்படலாம். இடையில் வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் அது தோல்வியல்ல; நோயாளியின் பாதுகாப்புக்கே.

தழும்பு சிறிதென்று மறுநாளே அடுப்படிக்குப் போகாதீர்கள். வாயுவால் வரும் தோள்வலி ஓரிரு நாளில் மாறிவிடும். வயிற்றுவலி கூடினாலோ, காய்ச்சல், விடாத வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, பொறுத்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுமுன் சந்தேகங்களைக் கேளுங்கள். கையுயர்த்திக் கேள்வி கேட்க இந்தப் பள்ளிக்கூடம் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.