காலி டாங்கிதான் ஆபத்து
(நாவிதன்வெளிப் பக்கம் வேலைசெய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் பேசியது)



இங்கே வயல் வேலை தொடங்கினால் உழவு இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. டாங்கி ஒழுகினால் கராஜுக்கு வரும். கழற்றுவதும் பிடிப்பதும் நீங்கள்தான். "காலி டாங்கிதானே பாஸ், ஒட்டிருவோம்" என்று ஒரு தம்பி சொல்லக் கேட்டோம். நமக்கு நெஞ்சு பதறிவிட்டது.

எரிவது பெற்றோல் அல்ல, அதன் ஆவி. நிரம்பிய டாங்கியில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டாங்கியில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தால், ஒரு பொறி போதும். 1996 ஜூலை 17ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு விமானம் வானத்தில் வெடித்து 230 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய காலியாயிருந்த நடு டாங்கியின் ஆவி வெடித்ததே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. டீசல் என்றும் அசட்டையாக இருக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் மூலையில் ஒட்டியிருக்கும் டீசலும் ஆவியாகும்.

ஆகவே, கழற்றுமுன் பற்றரி வயரை எடுங்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில் எண்ணெயை இறக்குங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது; வாகனத்துக்குக் கீழே வேலை செய்யும் குழிக்குள் இறங்கித் தங்கும். பீடி, சிகரட், வெட்டும் மெஷின் பக்கத்தில் வேண்டாம். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே மோசம். தவறி விழுங்கினாலும் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு வெல்டிங் பிடிப்பது போதாது. மடிப்புகளில் எண்ணெய் தங்கும். நீராவி விட்டுச் சுத்தம்செய்து, ஆவி இல்லையென்று கருவியால் பார்க்கத் தெரிந்தவரிடமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் புது டாங்கி போடுவதே மேல்.

நெருப்புப் பட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை பூசாதீர்கள். 1990க்கு அழையுங்கள்.

காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் காசு கண்ணைத் திருப்பித் தராது. "இது எனக்குத் தெரியாது, செய்யமாட்டேன்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். தாய்மாரே, பிள்ளை லயத்துக்கு வரும்போது சம்பளத்தை மட்டும் கேட்காமல், என்ன வேலை செய்தான் என்றும் கேளுங்கள்.