‘எனக்கு ஒரு சாப்பாடு’

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தணிக்கை என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளிச்சுப் போயிருக்கும். அதனால் நான் கணக்கு பேசப் போவதில்லை. ஹோட்டலில் சாப்பிடுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்னால சிரிக்கிறாங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா ஒரு கேள்விக்குக் கை தூக்குங்க. வீட்டு ஆம்பளைங்க யாரும் கூட வராம, ஹோட்டலுக்குள்ள போய் உட்கார்ந்து, உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிட்டவங்க எத்தனை பேர்?

இவ்வளவு பெரிய மண்டபத்துல ஏழே ஏழு கைதான் தெரியுது.

நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ சித்திரைத் திருவிழாவுக்கு அப்பா எங்களை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனார். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டல். அன்னைக்குத்தான் மசால் தோசையை முதல்ல பார்த்தேன். தட்டை விட நீளமா இருந்துச்சு. நாங்க மூணு பிள்ளைங்க, அப்பா, நாலு பேருக்கும் தோசை. அம்மா மட்டும் “எனக்குப் பசிக்கலை, காப்பி போதும்”னு சொல்லிட்டாங்க. கடைசியில தம்பி வச்ச மிச்சத்தைச் சாப்பிட்டாங்க. அந்தத் தோசை ருசியை நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். எம்.எஸ்.டபிள்யூ. படிச்சேன், பெண்களுக்கு ரத்தசோகை ஏன் வருதுன்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினேன். ஆனா அன்னைக்கு உனக்கு நிஜமாவே பசிக்கலையான்னு அம்மாகிட்ட ஒருநாளும் கேட்டதில்லை.

2019-ல தேனியில வங்கிப் பயிற்சி நடந்தது உங்கள்ல சிலபேருக்கு ஞாபகம் இருக்கும். பதினாலு பேர் வந்திருந்தீங்க. மதியம் ஆச்சு. “நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க மேடம், நாங்க மரத்தடியிலேயே இருக்கோம்”னு சொன்னீங்க. டிபன் டப்பா கொண்டு வந்திருப்பீங்கன்னு நினைச்சு நானும் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா டப்பா இருந்தது நாலு பேர்கிட்ட. அதைப் பதினாலு பேரும் ஆளுக்கொரு கை எடுத்திருக்கீங்க. சாயங்காலம் பஸ்ஸுல ஒரு அம்மா மயங்கிச் சரிஞ்சாங்க. தப்பு என்னோடது. அதை இந்த மேடையிலேயே ஒத்துக்கிறேன்.

மறுநாள் எல்லாரையும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்லயே மேற்பார்வையாளர், “கூட ஆம்பளை யாரும் வரலையா?”ன்னு கேட்டார். அப்புறம், “பொம்பளைங்கன்னா ஃபேமிலி ரூமுக்குப் போங்க”ன்னு திரை போட்ட ஒரு புழுக்கமான தடுப்பைக் காட்டினார். வெளியில மின்விசிறிக்குக் கீழே பத்து மேசை காலியாக் கிடந்துச்சு. நாங்க அங்கேயே உட்கார்ந்தோம். ஒரு அக்கா மட்டும் உட்காரலை. சுவரோரமா நின்னுக்கிட்டு, “எனக்குப் பொட்டலமா வாங்கிக் குடுங்க மேடம்”னாங்க. கூச்சம்னு நினைச்சேன். வற்புறுத்தலை.

அதுக்கான காரணம் 2022-லதான் தெரிஞ்சது. பட்டறிவுப் பயணமா குமுளி வழியாகக் கோட்டயம் போனோம். கேரளத்துல குடும்பஸ்ரீன்னு 1998-ல தொடங்கின பெண்கள் இயக்கம் இருக்கு. கொரோனா வந்த 2020-ல அந்தக் குழுப் பெண்கள் ‘ஜனகீய ஹோட்டல்’னு ஊர் ஊராத் திறந்தாங்க. ஒரு சாப்பாடு 20 ரூபாய். அதுக்கு மேல சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம். ரெண்டு வருஷத்துல ஆயிரத்துக்கும் மேல ஆச்சு. 2023-ல மானியத்தை நிறுத்தினப்போ விலையை 30 ரூபாய் ஆக்கிக்கிட்டாங்க. நிறைய கடைகளுக்கு அந்த மானியப் பணமே ரொம்ப நாள் வராம சிரமப்பட்டாங்க. தொழில்னு பேசறப்போ அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நாங்க போன கடையில முதல்ல தண்ணி வச்சாங்க. இளஞ்சிவப்பா, வெதுவெதுப்பா இருந்துச்சு. நம்ம ஆளுங்க யாரும் தொடலை. “சாயத் தண்ணியா?”ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. பதிமுகம்னு ஒரு மரத்தோட உள்கட்டைச் சீவலைப் போட்டுக் காய்ச்சின தண்ணி அது. அந்த ஊர்ல வழக்கம். அடுத்து சிவப்பு மட்ட அரிசிச் சோறு வந்துச்சு. “வேகலையே”ன்னாங்க. அது வெந்தாலும் அப்படித்தான் தடிமனா இருக்கும். தேங்காய் போட்ட தோரன், குழம்பு, ஊறுகாய். மீன் வறுவலுக்குத் தனிக் காசு.

தேனியில சுவரோரமா நின்ன அதே அக்கா, அங்க முதல் ஆளா உட்கார்ந்தாங்க. “சேச்சி, சோறு”ன்னு ரெண்டாந்தரம் கேட்டாங்க. மீனும் தனியா வாங்கினாங்க. பரிமாறின சேச்சி பக்கத்துல நின்னு, “இன்னும் குழம்பு வேணுமா?”ன்னு கேட்டாங்க. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ எழுந்திரிச்ச அக்காவைக் கையைப் பிடிச்சு உட்கார வச்சாங்க.

திரும்பி வரும்போது பஸ்ஸுல அக்கா சொன்னாங்க. சின்ன வயசுல அவங்க ஊர்ல இட்லிக் கடைக்குத் தூக்குவாளியோட அனுப்புவாங்களாம். முன்வாசலுக்கு வரக்கூடாது, கொல்லைப்புறம் நிக்கணும். மேலே தூக்கிப் பிடிச்சுத்தான் சாம்பாரை ஊத்துவாங்க, கையில தெறிச்சுச் சுடும். அப்பாவுக்கு டீ தனிக் குவளையில. “மேசையைப் பார்த்தாலே எந்திரின்னு யாரோ சொல்லப் போறாங்கன்னு தோணும் மேடம்”னாங்க. இதை இங்க சொல்லுங்கன்னு அனுமதி குடுத்ததும் அவங்கதான்.

நம்ம அரசியல் சட்டத்தோட 15-வது பிரிவுல ஹோட்டலைப் பெயர் சொல்லியே எழுதி வச்சிருக்காங்க. சாதி, மதம், ஆண் பெண், பிறந்த ஊர் இதையெல்லாம் காரணமாக் காட்டி ஒருத்தரையும் கடைக்குள்ளயோ ஹோட்டலுக்குள்ளயோ வரவிடாமத் தடுக்கக் கூடாது. தீண்டாமை காரணமா ஹோட்டலுக்குள்ள விடாம இருப்பதும், அங்க உள்ள பாத்திரத்தைத் தொடவிடாம இருப்பதும் 1955-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். தனிக் குவளை இதுல வருமான்னு கேட்டா, வரும். அப்படி எங்கேயாவது நடந்தா என்கிட்ட மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க. குழுவாப் போய்க் காவல் நிலையத்துல எழுதிக் குடுங்க, நான் கூட வரேன்.

ஹோட்டல் நமக்குப் புதுசும் இல்லை. 2013-ல சென்னையில அம்மா உணவகம் தொடங்கினப்போ ஒரு ரூபாய்க்கு இட்லி அவிச்சது நம்மளை மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள்தான். ஊருக்கே பரிமாறத் தெரிஞ்ச நமக்கு, உட்கார்ந்து சாப்பிடத்தான் தயக்கமா இருக்கு.

“வீட்ல பிள்ளைங்க பழைய சோறு சாப்பிடறப்போ நான் மட்டும் எப்படி மேடம்?”னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. அது நியாயமான கேள்வி. எனக்கு முழுசாப் பதில் தெரியலை. ஆனா காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி ராத்திரி வீடு திரும்பற உடம்புக்கு மதியம் சோறு வேணும். வவுச்சர்ல சாப்பாட்டுப் படின்னுதான் கையெழுத்துப் போடறீங்க. அந்தக் காசு சோத்துக்குத்தான், முந்தானையில முடிஞ்சு கொண்டு போக இல்லை.

விலைப்பலகையைப் பார்த்துட்டு உட்காருங்க. படிக்க வரலைன்னா கேளுங்க, அதுல வெட்கம் ஒண்ணுமில்லை. பில்லை வாங்கிப் பாருங்க. சர்வீஸ் சார்ஜ்னு தானாச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிடுச்சு. குழு நோட்டுல ஒரு ரூபாய் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

அடுத்த மாசம் தேனியில மறுபடி பயிற்சி. மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் சேர்ந்தே போறோம், திரைக்கு இந்தப் பக்கம் மின்விசிறிக்குக் கீழதான் உட்காரணும். நான் யாருக்கும் சொல்லி வாங்கித் தரப் போறதில்லை, அவங்கவங்களே கேக்கணும். என் அம்மாவும் வராங்க. மசால் தோசை வேணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்காங்க.