வரிக்கு வேண்டும், வாக்குக்கு வேண்டாமா?



பாரிஸ் உணவகமொன்றின் குசினிக்குள் எட்டிப் பாருங்கள். நள்ளிரவிலும் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறார் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர். முப்பது வருடமாக இந்த நாட்டுக்கு வரி கட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் போர்த்துக்கேயத் தம்பி, போன வருடம் லிஸ்பனிலிருந்து வந்தவர். மாநகரசபைத் தேர்தலில் தம்பிக்கு வாக்குண்டு, அண்ணருக்கு இல்லை. தம்பியின் உரிமை நியாயமானது, அதில் ஒரு துளியையும் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அண்ணருக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

1993 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, தேசங்களைத் தாண்டிய குடியுரிமை பிறந்துவிட்டது என்றார்கள். எங்கே தாண்டியது? உறுப்பு நாடொன்றின் குடியுரிமை உள்ளவரே ஐரோப்பியக் குடிமக்கள் என்று அதே உடன்படிக்கைதான் எழுதிவைத்தது. கதவு புதிது, சாவி பழைய அரசுகளின் இடுப்பில்! பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் பிரெஞ்சுக் கிராமங்களில் பல்லாண்டு வாழ்ந்த பிரித்தானியர்களின் வாக்கும் போனது. அவர்கள் வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை. ஆனாலும் போனது போனதுதான் என்று 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமக்குள்ளேயே பாருங்கள். 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்த புதுச்சேரிக் குடும்பத்தின் பேரன் இன்று ஐரோப்பியக் குடிமகன். லா சப்பலில் அவனோடு ஒரே கடையில் மரக்கறி வாங்கும் அண்ணர் 'மூன்றாம் நாட்டவர்'.

"அப்படியானால் பிரெஞ்சுக் குடியுரிமை எடுங்கள்" என்கிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து அதற்கு பி2 தரப் பிரெஞ்சு வேண்டும். விடியப்புறம் வீடு திரும்புகிறவர் எந்த வகுப்பில் போய் உட்காருவார்? படித்துத் தேறினாலும் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். குப்பை வண்டி எப்போது வரவேண்டும், பிள்ளையின் பள்ளியில் என்ன சாப்பாடு என்பதில் ஒரு சொல் சொல்ல இத்தனை சோதனையா?

அயர்லாந்தில் வாழும் எந்த நாட்டவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கிறார். சுவீடனில் 1976 முதல் வெளிநாட்டவர் வாக்களிக்கிறார்கள். அந்த நாடுகள் இடிந்தா விழுந்தன?

இங்கே மித்தரான் 1981இல் இந்த வாக்குரிமையைத் தருவதாக வாக்குறுதி தந்தார். 2000இல் அதற்கான சட்டவரைவைத் தேசிய சபை ஏற்றது. 2011 டிசம்பரில் செனட்டும் ஏற்றது. அதோடு கிடப்பில் போட்டார்கள்! அந்தச் சட்டவரைவை வெளியே எடு என்கிறோம். ஐந்து வருடம் வாழ்ந்தவருக்கு அவர் வாழும் ஊரில் வாக்குக் கொடு! உங்கள் தொகுதி உறுப்பினருக்கான மனு வாசலில் இருக்கிறது. வாக்குள்ள புதுச்சேரி உறவுகளே, முதல் கையொப்பம் உங்களுடையதாக இருக்கட்டும்.